மலையும் மின்தடையும்



கோலசிலாங்கூர் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மங்கிய ஒளியைப்பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கம்போங் குவாந்தானில், சிலாங்கூர் ஆற்றோரத்துப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் கூட்டங்கூட்டமாக ஒரே தாளத்தில் மின்னி அணைவதைக் காண எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். சுங்கை செம்பிலாங்கிலிருந்து புறப்பட்டால் நமக்கு அது பக்கத்து ஊர். படகில் ஏறியதும், கைவிளக்கு அடிக்காதீர்கள் என்பார்கள். நம் கண் இருட்டுக்குப் பழகினால்தான் அந்தச் சிறு ஒளி நன்றாகத் தெரியும்.

நம் கண் எவ்வளவு குறைந்த ஒளியைக் காணும்? ஒளி என்பது துகள் துகளாக வருகிறது. அந்தத் துகளுக்குப் போட்டான் என்று பெயர். 1942-இல் அமெரிக்காவில் மூன்று அறிவியலார் இருட்டறையில் ஆட்களை உட்காரவைத்துச் சோதித்தார்கள். இருட்டுக்குப் பழகிய கண்ணில் 5 முதல் 14 துகள்கள் வரை விழித்திரையில் பதிந்தால் போதும், "ஒளி தெரிகிறது" என்று மனிதன் சொல்லிவிடுகிறான் என்று கண்டார்கள். கடவுள் கொடுத்த கருவி அவ்வளவு நுட்பமானது. ஆனால் ஒரே ஒரு துகளை, அது எப்போது வந்தது என்ற கணக்கோடு, ஓயாமல் சலிக்காமல் எண்ணிக் கொண்டிருக்க நம் கண்ணால் ஆகாது. அதற்கு இப்போது சிலிக்கனில் ஒரு சில்லு செய்கிறார்கள். அகலம் 2 மில்லிமீட்டர், நீளம் 2 மில்லிமீட்டர். ஒரு பச்சைப் பயற்றைவிடச் சிறியது. அந்தச் சில்லுக்குள் இருக்கும் மின்தடையைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

இது நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டில் தேனி மாவட்டத்தில் ஒரு மலை இருக்கிறது. அதைக் குடைய வேண்டுமா, வேண்டாமா என்று பல ஆண்டுகள் வழக்கு நடந்தது. அந்த வழக்குக்கும் இந்த மின்தடைக்கும் தொடர்பு உண்டு. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நம் முன்னோர் சிலர் கப்பலேறி மலாயாவுக்கு வந்த அதே காலத்தில், அதே வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து வேறு பலர் ரயிலேறிக் கோலார் தங்க வயலுக்குப் போனார்கள். நாம் பால் மரம் வெட்டினோம். அவர்கள் பாறை வெட்டினார்கள். அந்தச் சுரங்கம் தரைக்குக் கீழே 2 கிலோமீட்டருக்கு மேல் இறங்கியது. அதனால் பம்பாயிலிருந்த டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் அங்கே வந்தார்கள். ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹம் ஆகிய பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்துகொண்டார்கள். 1965-இல், ஏறத்தாழ 2,300 மீட்டர் ஆழத்தில், நியூட்ரினோ என்னும் துகளின் தடயத்தைக் கண்டார்கள். விண்ணிலிருந்து வரும் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதிப் பிறக்கும் நியூட்ரினோ அது. உலகிலேயே அதை முதன்முதலில் கண்டவர்களில் அவர்களும் அடங்குவர். தங்கம் எடுக்கத் தோண்டிய பள்ளத்தில் அறிவியலுக்கு இப்படி ஒரு புதையல் கிடைத்தது. 2001-இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். தொழிலாளர் குடும்பங்கள் பட்ட பாட்டை, ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை நட்ட காலத்தில் தோட்டம் விட்டுத் தோட்டம் போன நமக்கு விளக்கத் தேவையில்லை.

நியூட்ரினோவைத் தேட ஏன் பாதாளத்துக்குப் போகவேண்டும்? உள்ளங்கையை வானம் பார்க்க விரித்துப் பிடியுங்கள். ஒவ்வொரு விநாடியும் ஒன்று அல்லது இரண்டு துகள்கள் உங்கள் கையைத் துளைத்துக்கொண்டு போகின்றன. வலிக்காது, தெரியாது. இவற்றுக்கு மியூவான் என்று பெயர். விண்வெளிக் கதிர்கள் காற்றில் மோதிப் பிறப்பவை. நியூட்ரினோவோ மிக அரிதாகத்தான் ஏதேனும் ஒன்றில் மோதி அடையாளம் காட்டும். சந்தை இரைச்சலில் ஊசி விழும் ஓசையைக் கேட்பது எப்படி? இரைச்சலைக் குறைக்கவேண்டும். தலைக்கு மேல் 1 கிலோமீட்டர் பாறை இருந்தால் மியூவான்கள் பத்து லட்சத்தில் ஒன்றாகக் குறைந்துவிடும்.

அதனால்தான் இந்திய நியூட்ரினோ ஆய்வுக்கூடத்துக்குத் தேனி மாவட்டம் போடி மலைப் பகுதியில் பொட்டிப்புரத்தைத் தேர்ந்தார்கள். மலையின் பக்கவாட்டில் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து, உள்ளே 51,000 டன் இரும்புத் தகடுகளை அடுக்குவது திட்டம். 2015 ஜனவரியில் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. ஊர்மக்கள் அஞ்சினார்கள். வெடி வைத்தால் மலை என்னாகும், ஊற்று என்னாகும், மேய்ச்சல் நிலம் என்னாகும் என்று கேட்டார்கள். அந்த மாவட்டத்துப் பெண்கள் பலர் விடியுமுன் ஜீப்பில் ஏறிக் கேரள மலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் போய்வருகிறவர்கள். நம்மைப் போன்ற தோட்டத் தொழிலாளிகள்தாம். அதே 2015-இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. பிறகு பசுமைத் தீர்ப்பாயம், மீண்டும் ஓர் அனுமதி, மீண்டும் வழக்கு. 2022-இல் தமிழக அரசு, இந்தத் திட்டத்தை அனுமதிக்க இயலாது என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

நியூட்ரினோவால் மக்களுக்குத் தீங்கு வரும் என்று சிலர் பரப்பியது சரியல்ல என்பது என் கருத்து. அது தோண்டினாலும் தோண்டாவிட்டாலும் நம்மைத் துளைத்துக்கொண்டே இருக்கிறது. ஆனால் தண்ணீரைப்பற்றியும் மலையைப்பற்றியும் அந்த மக்கள் கேட்ட கேள்வி நியாயமானது. படித்தவர் சொன்னால் படியாதவர் வாய் மூடிக்கொள்ள வேண்டும் என்பது எந்த அறிவியல் புத்தகத்திலும் இல்லை.

இனி ஒரு சிறு கணக்கு. 1 கிலோமீட்டர் பாறை பத்து லட்சத்தில் ஒன்றாகக் குறைக்கிறது. வெறும் 100 மீட்டர் பாறை நூற்றில் ஒன்றாகக் குறைக்கும். பத்து லட்சத்தை நூறால் வகுத்தால் 10,000. ஆகவே, 100 மீட்டர் ஆழத்தில் கருவியை வைத்துவிட்டு, உள்ளே வரும் ஒவ்வொரு 10,000 மியூவானிலும் 9,999-ஐ "இது மியூவான், தள்ளு" என்று அடையாளம் காட்டக்கூடிய காவல்காரன் ஒருவன் கிடைத்தால், 1 கிலோமீட்டர் பாறை செய்யும் வேலை நடந்துவிடும். அவ்வளவு பெரிய மலை வேண்டியதில்லை. அவ்வளவு வெடியும் வேண்டியதில்லை. சதவீதத்தில் சொன்னால் 99.99.

அந்தக் காவல்காரனை மதுரையில் சோதிக்க ஏற்பாடு செய்தார்கள். அங்கே 85 டன் இரும்பில் ஒரு சிறு மாதிரிக் கருவி இருக்கிறது. திட்டமிட்ட பெரிய கருவியில் 600-இல் ஒரு பங்கு. அதைச் சுற்றி நீண்ட பிளாஸ்டிக் பட்டைகளால் போர்த்துவதுதான் யோசனை. இது சந்தையில் வாங்கும் பிளாஸ்டிக் அன்று. மியூவான் துளைத்தால் நீல நிறத்தில் கணநேரம் மினுங்கும். பட்டைக்குள் ஓடும் மெல்லிய இழைகள் அந்த ஒளியைப் பச்சையாக மாற்றி இரு முனைகளுக்கும் கொண்டுவரும். நாலரை மீட்டருக்கு மேல் நீளமுள்ள பட்டையின் கோடிக்கு வந்து சேரும்போது மிஞ்சுவது சில பத்துத் துகள்கள். மின்மினியின் ஒளியோடு ஒப்பிட்டால்கூட அது ஒன்றுமில்லை. அதைக் காணத்தான் ஒவ்வோர் இழையின் முனையிலும் நான் முதலில் சொன்ன சிலிக்கன் சில்லு. மொத்தம் 3,000-க்கும் மேல் தேவை.

சில்லை உருப்பெருக்கியில் பார்த்தால் சதுரச் சதுரமாக அறைகள் தெரியும். ஓர் அறையின் அகலம் 1 மில்லிமீட்டரில் 20-இல் ஒரு பங்கு. 2 மில்லிமீட்டர் நீளத்தில் எத்தனை அறை? நாற்பது. நாற்பதை நாற்பதால் பெருக்குங்கள்: 1,600. ஒவ்வோர் அறையும் ஒரு டயோடு. அதில் மின்சாரத்தைத் தலைகீழாகக் கொடுத்து அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால், ஏறத்தாழ 53 வோல்ட்டில் அது முறியும் நிலைக்கு வருகிறது. அதற்கும் மேலே இன்னும் 3 வோல்ட் ஏற்றி வைக்கிறார்கள். பாறை விளிம்பில் உருள நிற்கும் கல்லைப்போல் அறை தயாராக இருக்கிறது. ஒரே ஓர் ஒளித்துகள் விழுந்து ஓர் எலக்ட்ரானைத் தட்டிவிட்டால் போதும். அது இன்னொன்றைத் தட்ட, இரண்டும் சேர்ந்து வேறு இரண்டைத் தட்ட, கண்மூடித் திறப்பதற்குள் பதினைந்து இருபது லட்சம் எலக்ட்ரான்கள் பெருகிவிடும். இது மலைச்சரிவுபோல் வருவதால் சரிவு என்றே சொல்வோம். ஒரு துகளின் வரவு அளக்கக்கூடிய மின்துடிப்பாக மாறிவிட்டது.

சிக்கல் இனிமேல்தான். தொடங்கிய சரிவு தானாக நிற்காது. மின்சாரம் வந்துகொண்டே இருந்தால் அறை ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்த துகள் வந்தால் தெரியாது. சூடேறிக் கெட்டும் போகலாம். ஆகவே சரிவை நிறுத்த ஒரு தடை வேண்டும். நிறுத்தியபின் அறையை மறுபடி தயார்செய்யவும் வேண்டும். இரண்டு வேலையையும் ஒரே ஒரு மின்தடை செய்கிறது.

எப்படி என்று விளங்கிக்கொள்ள, பழைய பள்ளிக்கூடங்களிலும் லயன்களிலும் இருந்த சங்கிலி இழுக்கும் கழிப்பறைத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பிடும் நேரத்தில் இந்த வாத்தியார் எதைப் பேசுகிறார் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். இதைவிடப் பொருத்தமான உவமை எனக்குக் கிடைக்கவில்லை. சங்கிலியை இழுத்ததும் தொட்டித் தண்ணீர் முழுவதும் ஒரே மூச்சில் கொட்டிவிடுகிறது. ஆனால் தொட்டிக்குத் தண்ணீர் வரும் குழாய் ஒல்லியானது. கொட்டும் வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியாது. எனவே தொட்டி காலியானதும் ஓட்டம் அறுந்துவிடுகிறது. பிறகு அதே ஒல்லிக் குழாய் மெல்ல மெல்லத் தொட்டியை நிரப்பி, அடுத்த இழுப்புக்குத் தயாராக்குகிறது. அந்தக் குழாய் பருமனாக இருந்தால்? இழுத்த தண்ணீர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். மிக ஒல்லியாக இருந்தால்? அடுத்தவர் வெளியில் காத்து நிற்கவேண்டியதுதான்.

அறையில் சேர்ந்திருக்கும் மின்னூட்டம் தொட்டித் தண்ணீர். மின்தடைதான் ஒல்லிக் குழாய். சரிவு கிளம்பியதும் அறையின் மின்னூட்டம் வடிந்து, அழுத்தம் 53 வோல்ட்டுக்கு இறங்குகிறது. கூடுதலாக இருந்த 3 வோல்ட்டும் இப்போது மின்தடையின்மேல் விழுகிறது. அதன் வழியே கசியும் மின்னோட்டம் மிகச் சிறியதாக இருந்தால், ஒரு கணத்தில் தட்டிவிட எலக்ட்ரான் இல்லாமல் சங்கிலி அறுந்து சரிவு அடங்கும். எவ்வளவு சிறியதாக? ஏறத்தாழ 20 மைக்ரோ ஆம்பியர். அதாவது ஓர் ஆம்பியரைப் பத்து லட்சம் பங்காக்கி அதில் 20 பங்கு.

படிவம் நான்கு, ஐந்து பிள்ளைகள் இப்போது பென்சிலை எடுக்கலாம். ஓம் விதி உங்களுக்குத் தெரியும்: தடை என்பது அழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தது. 3 வோல்ட்டை 20 மைக்ரோ ஆம்பியரால் வகுத்தால் 1,50,000 ஓம். இதற்குக் குறைந்தால் சரிவு நிற்கும் என்று நம்ப முடியாது. ஆகவே கொஞ்சம் தாராளமாக 2,00,000 ஓம் வைப்போம். அப்படியானால் அறை எவ்வளவு விரைவில் நிரம்பும்? தடையை அறையின் மின்கொள்திறனால் பெருக்கவேண்டும். அறையின் கொள்திறன் ஒரு பிக்கோ பாரடில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், பெருக்கல் தருவது 20 நானோ விநாடி. நூறு கோடியில் 20 பங்கு விநாடி. முழுவதும் நிரம்ப அதைப்போல் நான்கைந்து மடங்கு ஆகும். பள்ளியில் நாம் படிக்கும் அதே ஓம் விதிதான். மதுரைக்கும் அதுதான், சுங்கை செம்பிலாங்குக்கும் அதுதான்.

எல்லா அறைகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு பெரிய மின்தடை வைத்தால் என்ன? கூடாது. லயன் முழுவதற்கும் ஒரே தொட்டி இருந்தால், ஒரு வீட்டில் இழுத்ததும் எல்லா வீட்டிலும் தண்ணீர் போய்விடும். அறைக்கு ஒன்று இருந்தால்தான் ஓர் அறை ஓய்வெடுக்கும்போது மற்ற 1,599 அறைகளும் விழித்திருக்கும். எத்தனை அறைகள் ஒன்றாகத் துடித்தன என்று கூட்டிப் பார்த்து, எத்தனை துகள்கள் வந்தன என்று சொல்லலாம். ஆக, ஒரு சில்லில் 1,600 மின்தடைகள். 3,000 சில்லுகளில் 48 லட்சம்.

இத்தனை மின்தடைகளை எங்கே வைப்பது? வானொலிப் பெட்டியைத் திறந்தால் வண்ணக் கோடுகளோடு தெரியுமே, அந்த மின்தடை இங்கே நுழையாது. சில்லின் மேற்பரப்பிலேயே மெல்லிய கோடாகப் படிய வைக்கிறார்கள். பெரும்பாலும் பாலிசிலிக்கன் என்னும் பொருள். நீளமான, ஒல்லியான கம்பிக்குத் தடை அதிகம் என்று படித்திருக்கிறோம். ஆகவே கோட்டை ஒல்லியாக்கி, அறையின் ஓரத்தைச் சுற்றி வளைத்து ஓடவிடுகிறார்கள். ஓரத்தில் ஏன்? பாலிசிலிக்கன் ஒளியை மறைக்கும். நடுவில் போட்டால் அதுவே நிழலாகிவிடும். மின்தடை தின்னும் இடமெல்லாம் ஒளிக்கு இழப்பு. செம்பனைக் காட்டில் பாதையும் வடிகாலும் வெட்டினால் அத்தனை மரம் குறைவதுபோலத்தான். பாதையில்லாமலும் முடியாது. இந்த இடத்தில்தான் வடிவமைப்பவரின் கைத்திறன் தெரியும்.

வெயிலும் ஒரு தொல்லை. பாலிசிலிக்கனின் தடை குளிரில் கூடும், வெப்பத்தில் குறையும். அதனால் ஜப்பானில் சிலர் மெல்லிய உலோகப் படலத்தால் மின்தடை செய்தார்கள். அதன் தடை வெப்பத்துக்கு அவ்வளவாக மாறாது, ஒளியையும் ஓரளவு உள்ளே விடும். அது மட்டுமன்று. டயோடு முறியும் அழுத்தமும் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.05 வோல்ட் கூடுகிறது. காலைக்கும் மதியத்துக்கும் 10 டிகிரி வித்தியாசம் வந்தால், நாம் வைத்த 3 வோல்ட் கூடுதலில் அரை வோல்ட் காணாமல் போய்விடும். மதுரை வெயிலைச் சொல்லவேண்டுமா!

வெப்பத்தின் இன்னொரு குறும்பு, ஒளியே வராதபோது எலக்ட்ரானைத் தட்டிவிடுவது. இருட்டிலேயே சில்லு விநாடிக்கு லட்சம் முறைக்கு மேல் பொய்யாகத் துடிக்கும். துடித்து அடங்கிய அறையில் சிக்கிக்கொண்ட எலக்ட்ரான் சற்றுப் பின்னர் விடுபட்டு இன்னொரு பொய்த் துடிப்பைக் கொடுப்பதும் உண்டு. மின்தடையைக் குறைத்து அறையை அவசரமாக நிரப்பினால் இந்தப் பின்துடிப்பு மிகும். சற்றுப் பொறுத்து நிரப்பினால், சிக்கிய எலக்ட்ரான் அறை அரைகுறையாக நிரம்பியிருக்கும்போதே வந்து பெரிய ஆரவாரம் இல்லாமல் போய்விடும். மின்தடை கூடினாலும் குற்றம், குறைந்தாலும் குற்றம் என்பது இதனால்தான்.

பொய்த் துடிப்பு பெரும்பாலும் ஓர் அறையில்தான் நடக்கும். மியூவானின் ஒளியோ பல அறைகளை ஒன்றாகத் தட்டும். எனவே, இத்தனை அறைக்குக் குறைந்தால் கணக்கில் கொள்ளாதே என்று ஒரு வரம்பு வைப்பார்கள். வரம்பை ஏற்றினால் உண்மையான மியூவான் சில தப்பிவிடும். இறக்கினால் பொய்த் துடிப்பை மியூவான் என்று நம்பி, அரிதாக வந்த நியூட்ரினோவையும் சேர்த்துத் தள்ளிவிட நேரும். இது பெரட்டுக்கு வந்தவனை வரவில்லை என்று எழுதுவதுபோல. அன்றைய கூலியே போய்விடும். ஆகவே ஒரே பட்டையை நம்பாமல் பட்டைகளை அடுக்கடுக்காக வைத்து, இரு முனைச் சில்லுகளையும் ஒத்துப் பார்க்கிறார்கள்.

முதலில் ஒரு சிறிய மாதிரியில் செய்து பார்த்ததன் முடிவு 2017-இல் வெளிவந்தது. ஏறத்தாழ 99.98 சதவீதம் கிடைத்திருந்தது. 99.99-க்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். மதுரைக் கருவியின் மேற்பரப்பு 4 மீட்டருக்கு 4 மீட்டர். அதன்மேல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,60,000 மியூவான்கள் விழும். 99.98 என்றால் நிமிடத்துக்கு 32 தப்பும், 99.99 என்றால் 16. பாதிக்குப் பாதி! அந்தப் பதினாறைப் பிடிக்கத்தான் நல்ல சில்லும், பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே இடைவெளி விடாத வேலையும் தேவைப்படுகின்றன. மியூவான் பக்கத்துப் பாறையில் மோதி நியூட்ரான்களைக் கிளப்பி உள்ளே அனுப்பும் தொல்லையும் இருக்கிறது. நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லாததால் அது பட்டையில் மினுங்காமலே கடந்துவிடக்கூடும். மலைக்கு முழு மாற்று கிடைத்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. மலையைக் குடைவதா, திட்டத்தையே கைவிடுவதா என்ற இரண்டே வழிதான் உண்டு என்று எல்லாரும் வாதாடிக்கொண்டிருந்தபோது, மூன்றாவது வழி ஒன்றைச் சிலர் மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கண்டார்கள். எனக்குப் பிடித்தது அதுதான்.

இதே வகைச் சில்லு இன்று பெரிய மருத்துவமனைகளில், புற்றுநோயைத் தேடும் பெட் ஸ்கேன் கருவிகளில் புதியவற்றிலும் இருக்கிறது. அங்கேயும் ஒவ்வோர் அறைக்கும் ஒரு மின்தடைதான் காவல்.

இனி மாணவர்களுக்கு ஒரு கணக்கு. கூடுதல் அழுத்தத்தை 3 வோல்ட்டுக்குப் பதில் 5 வோல்ட்டாக ஏற்றுகிறோம். மின்னோட்ட வரம்பு அதே 20 மைக்ரோ ஆம்பியர். அறையின் கொள்திறனும் அதேதான். சரிவை நிறுத்தக் குறைந்தது எத்தனை ஓம் வேண்டும்? அந்தத் தடையை வைத்தால் அறை நிரம்பும் நேரம் 20 நானோ விநாடியிலிருந்து எவ்வளவாக மாறும்? நோட்டில் போட்டு உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். அப்பா அம்மாவும் உடன் உட்கார்ந்து போட்டுப் பார்க்கலாம், பெருக்கலும் வகுத்தலும்தான்.